பிஜிஎம் கேட்டுப் பழகிய காதுக்கு சிம்பொனி தூரமில்லை

1975-இல் வந்த ‘ஜாஸ்’ படத்தில் சுறாவுக்கென்று இருப்பது இரண்டே சுரங்கள். ஒரு சுரம், அதற்கு ஒட்டினாற்போல் மேலே இன்னொன்று. ச-ரி, ச-ரி என்று சுத்த ரிஷபத்தை வைத்துத் தாழ்ந்த குரலில் பாடிப் பாருங்கள், கிட்டத்தட்ட அதேதான். செல்லோவும் டபுள் பேஸும் அடிமட்டத்தில் தயங்கித் தயங்கித் தொடங்கும். பிறகு இடைவெளி குறையும், வேகம் ஏறும், மற்ற வாத்தியங்கள் ஒவ்வொன்றாக மேலே வந்து சேரும். படத்தில் வெகுநேரம் சுறாவைக் காட்டவே மாட்டார்கள். ஆனாலும் அது எவ்வளவு கிட்டே வந்துவிட்டது என்பது நமக்குத் துல்லியமாகத் தெரியும். இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் இதைப் பியானோவில் முதல் தடவை வாசித்துக் காட்டியபோது, விளையாடுகிறார் என்று நினைத்து இயக்குநர் ஸ்பீல்பெர்க் சிரித்துவிட்டார்.

அதே படத்தில் இன்னொரு காட்சி. இரண்டு பொடியன்கள் சுறாவின் முதுகுத் துடுப்பு போன்ற போலி ஒன்றை வைத்துக்கொண்டு நீந்தி வருகிறார்கள். கரையில் கூட்டம் அலறி ஓடுகிறது. அந்த இடத்தில் சுறாவின் இசை வருவதில்லை. திரையில் இருப்பவர்கள் பயந்தாலும், கவனித்துக் கேட்டவருக்கு அங்கே சுறா இல்லை என்று தெரிந்துவிடும். இசை வந்தால் சுறா வரும், வராவிட்டால் வராது என்று நம் காதைப் பழக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு அப்புறம் ஒரு முறை இசையே இல்லாமல் உண்மையான சுறா தலையை நீட்டும்போதுதான் நாற்காலியிலிருந்து துள்ளுகிறோம்.

இவ்வளவையும் உணர்வதற்கு நமக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. ஒரு சின்ன இசைத் துணுக்கை அடையாளம் கண்டோம், அது திரும்ப வந்தபோது நினைவுகூர்ந்தோம், வராதபோது அதையும் கவனித்தோம். மேற்கத்திய செவ்வியல் இசையின் பெரிய படைப்புகளைக் கேட்பதற்கு அடிப்படையாகத் தேவைப்படுவதும் இந்தத் திறமைதான். சிம்பொனி, அதாவது ஆர்கெஸ்ட்ராவுக்காகப் பல பகுதிகளாக எழுதப்படும் பெரிய இசைப் படைப்பு, என்றாலே படித்தவர்களுக்கும் பணக்காரர்களுக்கும் உரியது என்று ஒதுங்கி நிற்கும் நண்பர்களிடம் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன்: சினிமா உங்களை ஏற்கெனவே பாதித் தூரம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

ஆளுக்கொரு மெட்டு

ஒரு மனிதருக்கோ பொருளுக்கோ எண்ணத்துக்கோ ஒரு மெட்டைக் கட்டிவைத்து, கதை நகர நகர அந்த மெட்டையும் மாற்றிக்கொண்டே போகும் முறைக்கு லைட்மோட்டிஃப் என்று பெயர். சினிமாவுக்கு இது வந்தது பாட்டாலேயே நடக்கும் மேற்கத்திய இசை நாடகமான ஓபராவிலிருந்து. இதன் பெரிய ஆசான் ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் வாக்னர். நான்கு ஓபராக்கள் சேர்ந்த, மொத்தம் ஏறக்குறைய பதினைந்து மணி நேரம் ஓடும் அவருடைய ‘நீபெலுங்கின் மோதிரம்’ 1876-இல் பைராய்ட் நகரத்தில் முதன்முறையாக முழுமையாக அரங்கேறியது. மோதிரத்துக்கு ஒரு மெட்டு, வாளுக்கு ஒரு மெட்டு, தேவர்களின் கோட்டையான வல்ஹல்லாவுக்கு ஒரு மெட்டு என்று அதில் ஏராளம்.

இரண்டாவது ஓபராவில் வரும் ஓரிடத்தைச் சொன்னால் விஷயம் சட்டென்று பிடிபடும். சீக்லிண்டே தன் கல்யாண நாளன்று நடந்ததைச் சொல்கிறாள்: அழையாமல் வந்த ஒரு கிழவர், வீட்டு மரத்தில் ஒரு வாளைப் பாய்ச்சிவிட்டுப் போனார். யார் அந்தக் கிழவர் என்று பாட்டில் ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அவள் பாடிக்கொண்டிருக்கும்போதே கீழே ஆர்கெஸ்ட்ரா வல்ஹல்லாவின் மெட்டை வாசிக்கிறது. வந்தவர் தேவர்களின் தலைவன் வோட்டான் என்று நமக்குப் புரிந்துவிடுகிறது. பாத்திரங்கள் வாய்விட்டுச் சொல்லாததை இசை நம் காதில் சொல்லும் இந்த உத்தியைத்தான் இன்று எல்லா மொழிப் படங்களும் பயன்படுத்துகின்றன.

பைராய்ட் அரங்கமே ஒரு முன்னோடி. ஆர்கெஸ்ட்ராவை மேடைக்கு அடியில், பார்வையாளர் கண்ணில் படாதபடி வாக்னர் மறைத்து வைத்தார். அரங்கின் விளக்குகளையும் அணைக்க வைத்தார். இருட்டில் உட்கார்ந்து, எங்கிருந்து வருகிறதென்று தெரியாத இசையோடு கதை பார்ப்பது, சினிமா பிறப்பதற்கு சுமார் இருபது ஆண்டுகள் முன்பே அங்கே நடந்துவிட்டது.

மெட்டை உருமாற்றும் யோசனை வாக்னருக்கும் முந்தியது. பிரெஞ்சுக்காரரான பெர்லியோஸ் 1830-இல் எழுதிய ‘ஃபாண்டாஸ்டிக்’ சிம்பொனியில் காதலியைக் குறிக்கும் ஒரு மெட்டு ஐந்து பகுதிகளிலும் வருகிறது. முதலில் ஏக்கமும் அழகுமாக வயலின்களில் கேட்கும் அது, கடைசிப் பகுதியில் சூனியக்காரிகளின் கூத்தில் கிளாரினெட்டின் கீச்சுக் குரலில் கோணலாக ஆடிக்கொண்டு வருகிறது. சுரங்கள் கிட்டத்தட்ட அவையேதான். ஆனால் அவள் அவளாக இல்லை.

வியன்னாவிலிருந்து ஹாலிவுட்டுக்கு

பேசும் படங்கள் வந்த புதிதில், வசனத்தின் அடியில் இசை ஒலித்தால் “இது எங்கிருந்து வருகிறது?” என்று ஜனங்கள் குழம்புவார்கள் எனத் தயாரிப்பாளர்கள் பயந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்கிய படங்களில் முக்கியமானது 1933-இன் ‘கிங் காங்’. இசை மாக்ஸ் ஸ்டைனர். வியன்னாவில் பிறந்தவர், பெரிய இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் அவருக்கு ஞானத்தந்தை. பெயர்கள் ஓடி முடிந்தபின், நியூயார்க்கில் நடக்கும் ஆரம்பக் காட்சிகளுக்கு அவர் இசையே போடவில்லை. கப்பல் மூடுபனிக்குள் நுழைந்து தீவை நெருங்கும்போதுதான் ஹார்ப் மெல்லத் தொடங்குகிறது. அந்த நிமிடத்திலிருந்து நாம் வேறு உலகத்தில் இருக்கிறோம். காங்குக்கு அவர் கொடுத்தது இறங்கி வரும் மூன்று சுரங்கள்.

அடுத்தவர் எரிக் வொல்ஃப்காங் கோர்ன்கோல்ட். என் மனதுக்கு மிக நெருக்கமானவர். சிறுவனாக இருந்தபோதே பெரிய இசையமைப்பாளரான மாலர் அவரை மேதை என்றார். இருபத்து மூன்று வயதில் ‘இறந்த நகரம்’ ஓபராவால் ஐரோப்பா முழுக்கப் பெயர் வாங்கினார். 1938 தொடக்கத்தில் ‘ராபின் ஹுட்’ படத்துக்கு இசையமைக்க ஹாலிவுட்டிலிருந்து அழைப்பு வந்தது. அவர் அமெரிக்காவில் இருந்தபோது, அதே ஆண்டு மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். யூதரான கோர்ன்கோல்ட் அந்தப் படம்தான் தன் உயிரைக் காப்பாற்றியது என்றே கருதினார். அதற்கு ஆஸ்கரும் கிடைத்தது. பெர்லினில் நாஜிக் கும்பலிடம் அடிபட்டுத் தப்பிய ஃபிரான்ஸ் வாக்ஸ்மனும் இதே வழியில் ஹாலிவுட் வந்து சேர்ந்தார். யூதர்களின் இசையைத் தூற்றி வாக்னர் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். அவருடைய உத்தியைக் கடல் கடந்து கொண்டுபோய் உலகத்துக்கே பழக்கிவிட்டவர்களில் முக்கியமானவர்கள் யூத இசைக் கலைஞர்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப் பெருமிதமும் வரும்.

ஆகவே சினிமா இசை செவ்வியல் இசையைப் போலி செய்கிறது என்று சொல்வது சரியில்லை. கச்சேரி மண்டபத்துக்கும் ஓபராவுக்கும் எழுதிக்கொண்டிருந்த அதே ஆட்கள்தான் திரைக்கும் எழுதினார்கள். வயலினை முன்னிறுத்தி ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்க கோர்ன்கோல்ட் எழுதிய வயலின் கன்சர்ட்டோவில் அவருடைய சினிமா மெட்டுகளே இருக்கின்றன. 1947-இல் அதை முதலில் வாசித்தவர் வயலின் மேதை ஹைஃபெட்ஸ். இங்கிலாந்தின் வாகன் வில்லியம்ஸ் 1948-இல் ‘அண்டார்க்டிக்கின் ஸ்காட்’ படத்துக்கு எழுதிய இசையைப் பிறகு தன் ஏழாவது சிம்பொனியாக விரித்தார்.

ஒரு மெட்டைப் பிடித்துக்கொண்டு போவோம்

இப்போது 1977-க்கு வருவோம். ‘ஸ்டார் வார்ஸ்’. அப்போது ஹாலிவுட்டில் பழைய பாணிப் பெரிய ஆர்கெஸ்ட்ரா இசை மவுசு இழந்திருந்தது. ஜான் வில்லியம்ஸ் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து கோர்ன்கோல்ட் காலத்து ஒலியைத் திரும்பக் கொண்டுவந்தார்.

அதன் முகப்பு மெட்டை நம் சுரத்தில் எழுதிவிடலாம். கீழ் பஞ்சமத்தில் மூன்று தட்டு, ப ப ப. அங்கிருந்து ச, பிறகு ஒரே தாவலில் மேலே ப. அப்புறம் ம க ரி என்று வேகமாக இறங்கி, மேல் ஸ்தாயி ச-வுக்குப் பாய்ந்து, மறுபடி ப. முழுக்க சங்கராபரண சுரங்கள். மெட்டு எடுத்த எடுப்பில் ச-ப தாவலைக் கவனியுங்கள். டிரம்பெட்டில் வரும்போது அது நெஞ்சு நிமிர்த்தி நிற்கிறது. படிப்படியாக ஏறியிருந்தால் இந்த வீரம் வந்திருக்காது.

அடுத்து அந்தப் படங்களின் வில்லன் டார்த் வேடரின் அணிவகுப்பு இசை. பலரும் முதல் படத்திலேயே இது இருப்பதாக நினைக்கிறார்கள். இல்லை, 1980-இல் வந்த இரண்டாம் படத்தில்தான் வருகிறது. ச ச ச என்று ஒரே சுரத்தில் மூன்று அடி, கீழே தைவதத்துக்கு ஒரு சறுக்கல், மேலே காந்தாரத்தைத் தொட்டுவிட்டுத் திரும்ப ச. பித்தளை வாத்தியங்கள் முழுப் பலத்தோடு வாசிக்கும்போது ஒரு இராணுவமே நடந்து வருகிறது.

1983-இன் மூன்றாம் படத்தில் வேடர் மகனின் கண்முன் சாகிறார். முகமூடி கழன்று உள்ளே இருக்கும் கிழட்டு மனிதன் தெரிகிறான். அப்போதும் அதே மெட்டுதான். ஆனால் மிக மெதுவாக, மெல்லிய தந்திகளிலும் மரக்குழல்களிலும். முடிவில் ஹார்ப் தனியாக ஒவ்வொரு சுரமாக உதிர்க்கிறது. அந்த மனிதனுடைய கதை முழுவதையும் ஒரு வசனமும் இல்லாமல் அந்த ஹார்ப் சொல்லிவிடுகிறது. வில்லியம்ஸ் இத்தோடும் நிற்கவில்லை. 1999-இல் வேடரின் சிறுவயதுக் கதை வந்தபோது அந்தப் பையனுக்கு ஒரு கள்ளமற்ற மெட்டு எழுதினார். அதன் வாலில், கவனித்தால் மட்டும் கேட்கும் அளவுக்கு, அந்த அணிவகுப்பின் சுரங்கள் ஒளிந்திருக்கின்றன.

2020 ஜனவரியில் வில்லியம்ஸ் வியன்னாவின் மூசிக்ஃபெரைன் மண்டபத்தில் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கை நடத்தினார். வேடரின் அணிவகுப்பையும் வாசிக்க வேண்டும் என்று கேட்டவர்கள் அந்த ஆர்கெஸ்ட்ராவின் பித்தளை வாத்தியக்காரர்களே. ஸ்டைனரும் கோர்ன்கோல்டும் விட்டு வந்த ஊர் அது.

நம் காதுக்குக் கொஞ்சம் புதிதான விஷயம்

கர்நாடக இசையிலும் தமிழ்ப் பாட்டிலும் வளர்ந்த காது மெட்டை உடனே பிடித்துக்கொள்ளும். ஒரு குரல், ஒரு ராகம், அசையாத ஆதார சுருதி என்று கேட்டுப் பழகியவர்கள் நாம். ஆர்கெஸ்ட்ராவில் முக்கியமான பாதி மெட்டுக்குக் கீழே நடக்கிறது. ஒரே நேரத்தில் பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பதுதான் கார்டு. அந்தக் கார்டுகள் மாறும்போது மேலே உள்ள மெட்டின் பொருளே மாறிவிடும்.

படித்துப் புரிவதைவிட இதைச் செய்து பார்ப்பது சுலபம். கீபோர்டு இருந்தால் நல்லது, போனில் உள்ள பியானோ ஆப் போதும். ச-வை மட்டும் வாயால் நீட்டிப் பாடிக்கொண்டே இருங்கள். விரலால் முதலில் ச-க-ப சேர்த்து அழுத்துங்கள். பிறகு த-ச-க. பிறகு ம-த-ச. எல்லாம் சங்கராபரண சுரங்கள்தான், நீங்கள் பாடும் ச-வும் அசையவில்லை. ஆனால் முதலில் வீட்டில் இருப்பதுபோல் இருந்தது, இரண்டாவதில் ஒரு சோகம் படர்ந்தது, மூன்றாவதில் எங்கோ திறந்த வெளிக்கு வந்தது மாதிரி இருந்தது. ஒரே முகத்தின் மேல் விளக்கின் நிறம் மாறுவது போல.

டார்த் வேடரின் அணிவகுப்பு இவ்வளவு பயமாக இருப்பதற்கும் காரணம் பெரும்பாலும் கீழேதான் இருக்கிறது. ஒரே ஸ்கேலில் சேர்ந்து இருக்க முடியாத இரண்டு மைனர் கார்டுகள் (சோகச் சாயலுள்ள கார்டுகள்) அங்கே மாறி மாறி மோதுகின்றன. காலடியில் தரை நழுவுவதுபோல் தோன்றுவது அதனால்தான். இன்னொரு வித்தியாசமும் உண்டு: மேற்கத்திய இசையில் ஆதார ஸட்ஜமே நடுவில் இடம் மாறும். படத்தில் கதாநாயகன் மலையுச்சிக்கு ஏறிவிட்டான் என்ற உணர்வு பல சமயம் அப்படி ஒரு மாற்றத்திலிருந்து வருகிறது. ஆரம்பத்தில் இதையெல்லாம் பெயர் சொல்லி அடையாளம் காண வேண்டியதில்லை. ஒரு தடவை மெட்டைக் கேளுங்கள், அடுத்த தடவை மெட்டை விட்டுவிட்டு அடியில் டபுள் பேஸ் என்ன செய்கிறது என்று மட்டும் கேளுங்கள். நான் கண்டவரை இதைவிட நல்ல பயிற்சி கிடையாது.

வாத்தியங்களை அடையாளம் காண, ப்ரோகோஃபியெவ் 1936-இல் குழந்தைகளுக்காக எழுதிய ‘பீட்டரும் ஓநாயும்’ போதும். பறவைக்குப் புல்லாங்குழல், வாத்துக்கு ஓபோ, பூனைக்குக் கிளாரினெட், தாத்தாவுக்கு பாசூன், ஓநாய்க்கு மூன்று பிரெஞ்சு ஹார்ன்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பெரியவர்களும் வெட்கப்படாமல் கேட்கலாம். அடுத்த இரண்டே ஆண்டில் அவர் இயக்குநர் ஐசன்ஸ்டைனின் ‘அலெக்சாண்டர் நெவ்ஸ்கி’ படத்துக்கு இசையமைத்தார், அது இன்றும் கச்சேரிகளில் தனிப் படைப்பாக வாசிக்கப்படுகிறது.

வாத்தியத்தின் குரலுக்கும் பரம்பரை நினைவு உண்டு. ஹாரி பாட்டரின் முதல் படம் தொடங்கும்போது மணி மணியாக உதிரும் அந்த ஒலி செலஸ்டா என்ற வாத்தியத்தின் ஒலி. சைகோவ்ஸ்கி 1892-இல் தன் ‘நட்கிராக்கர்’ பாலேயில் சர்க்கரை தேவதையின் நடனத்துக்கு அதைப் பயன்படுத்தினார். அன்றிலிருந்து செலஸ்டா என்றாலே மாயம். சில சமயம் வாத்தியங்களை விலக்கிவைப்பதும் ஒரு கலை. 1960-இன் ‘சைக்கோ’வுக்கு பெர்னார்ட் ஹெர்மன் தந்தி வாத்தியங்களை மட்டுமே வைத்துக்கொண்டார். குளியலறைக் காட்சிக்கு இசையே வேண்டாம் என்று ஹிட்ச்காக் சொல்லியிருந்தும் ஹெர்மன் எழுதிக் காட்டினார். கேட்டபின் ஹிட்ச்காக் மனதை மாற்றிக்கொண்டார். அந்த வயலின் கீச்சல் இல்லாமல் இன்று அந்தக் காட்சியை நினைக்கக்கூட முடியாது.

காப்பியா?

இணையத்தில் எப்போதும் ஓடும் சண்டை இது. இங்கிலாந்து இசையமைப்பாளர் ஹோல்ஸ்ட் 1914 முதல் 1916 வரை எழுதிய ‘கோள்கள்’ தொகுப்பில் முதல் பகுதியான ‘செவ்வாய்’ கேட்டால் ‘ஸ்டார் வார்ஸ்’ போர்க் காட்சிகள் ஞாபகம் வரும். கோர்ன்கோல்டின் ‘கிங்ஸ் ரோ’ முகப்பைக் கேட்டால் ‘ஸ்டார் வார்ஸ்’ முகப்பு ஞாபகம் வரும். இரண்டுமே உண்மை.

இதற்கு ஒரு காரணம் வேலை நடக்கும் விதம். படத்தொகுப்பின்போது, இசையமைப்பாளர் எழுதுவதற்கு முன்பே, இயக்குநர் ஏதாவது ஒரு பழைய இசையைத் தற்காலிகமாக ஒட்டி வைப்பார். டெம்ப் டிராக் என்பார்கள். ‘ஸ்டார் வார்ஸ்’ இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் அப்படிச் செவ்வியல் துண்டுகளை வைத்துத்தான் தனக்கு வேண்டியதை வில்லியம்ஸுக்கு உணர்த்தினார். மாதக்கணக்கில் கேட்டுக் கேட்டு இயக்குநருக்கு அந்தத் தற்காலிக இசையே பிடித்துப்போகும் ஆபத்தும் உண்டு. ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’க்கு அலெக்ஸ் நார்த் புதிதாக இசையமைத்துக் கொடுத்தார். இயக்குநர் குப்ரிக் அதை ஒதுக்கிவிட்டு, ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1896-இல் எழுதிய ‘ஜரத்துஸ்ட்ரா’வையும் இசையமைப்பாளர் லிகெட்டியின் படைப்புகளையும் நீலத் தன்யூப் வால்ட்ஸையும் வைத்தே 1968-இல் படத்தை வெளியிட்டார். விளைவு மகத்தானது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் நார்த்துக்கு நடந்தது அநியாயம்தான்.

என் கருத்து இதுதான்: ஒற்றுமையைக் கண்டுபிடித்ததும் குற்றப்பத்திரிகை எழுத உட்கார வேண்டாம். அந்தப் பழைய படைப்பை முழுசாகக் கேளுங்கள். ‘செவ்வாய்’ ஐந்து எண்ணிக்கையில் ஓடுகிறது, கண்ட சாபு தெரிந்தவர்கள் கையால் தட்டியே பின்தொடரலாம். தந்திகளை வில்லின் மரப்பகுதியால் தட்டி எழுப்பும் அந்த வறண்ட ஒலி எந்தப் படத்தின் துணையும் இல்லாமலே நடுங்க வைக்கும். ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ படங்களில் ஹோவர்ட் ஷோர் வில்லன் கோட்டையான ஐசன்கார்டின் படைக்கு எழுதியதும் ஐந்து எண்ணிக்கைதான்.

தமிழர்களுக்கு இந்தப் பாதை அந்நியமும் இல்லை. சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை கற்ற இளையராஜா, ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தன் கையாலேயே குறிப்பு எழுதிப் பழகியவர். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கையும் தியாகராஜரையும் அருகருகே வைத்து 1986-இல் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பைத் தந்தார். 2025 மார்ச் 8 அன்று லண்டனில் ராயல் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா அவருடைய முதல் சிம்பொனியை வாசித்தது. அவருடைய பிஜிஎம் ஒன்றை மனப்பாடமாக முணுமுணுக்கத் தெரிந்தவர், அதில் மெட்டுக்கு எதிராக இன்னொரு மெட்டு ஓடுவதைத் தெரியாமலே கேட்டுப் பழகியிருப்பார்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால் நான் சொல்வது செக் இசையமைப்பாளர் ட்வோர்ஷாக்கின் ஒன்பதாவது சிம்பொனி. ‘புதிய உலகத்திலிருந்து’ என்று பெயர், 1893 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் முதலில் ஒலித்தது. மொத்தம் முக்கால் மணி நேரம் போல வரும், நான்கு பகுதிகள். நேராக நான்காவது பகுதிக்குப் போங்கள். ஒட்டினாற்போல் இரண்டு சுரங்கள், தந்திகளில், மெதுவாகத் தொடங்கி வேகம் பிடிக்கும். ‘ஜாஸ்’ பார்த்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். உடனே ஹார்ன்களும் டிரம்பெட்டுகளும் ஒரு கம்பீரமான மெட்டைத் தூக்கிக்கொண்டு வரும். அதை மட்டும் இரண்டு மூன்று தடவை கேட்டு மனதில் பதிய வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இன்னொரு நாள் முதல் பகுதியிலிருந்து முழுசாகக் கேளுங்கள். முதல் பகுதியில் ஹார்ன் வாசிக்கும் மெட்டையும், இரண்டாம் பகுதியில் இங்கிலீஷ் ஹார்ன் (பெயர்தான் ஹார்ன், ஓபோ வகை மரக்குழல்) பாடும் அந்த நீண்ட தாலாட்டு போன்ற மெட்டையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியில் அவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்து, அந்தக் கம்பீரமான மெட்டோடு மோதவும் பின்னவும் செய்யும். இங்கே திரை கிடையாது, சுறாவும் விண்கலமும் கிடையாது. யார் உள்ளே வருகிறார்கள், எந்தக் கோலத்தில் வருகிறார்கள் என்பதை உங்கள் காதே சொல்லும்.